மூலமும் உரையும்: ‘அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை’ என்னும் மூன்று சொற்கள்

உரை என்பது தமிழனுக்குப் புதிதன்று. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பதின்மர் என்பது மரபு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு மட்டும் இளம்பூரணர், சேனாவரையர், தெய்வச்சிலையார், நச்சினார்க்கினியர், கல்லாடர் என்று ஒரு வரிசையே நிற்கிறது. நூற்பா ஒன்றுதான், உரை வேறு வேறு. ஒருவர் சொல்லைப் பிடிப்பார், ஒருவர் நூலாசிரியன் கருத்து இதுதான் என்பார், இன்னொருவர் தம் காலத்து வழக்கை மூலத்துக்குள் ஏற்றிச் சொல்வார். மூவரும் ‘நான் புதிதாக எதையும் சொல்லவில்லை, மூலத்தில் உள்ளதைத்தான் சொல்கிறேன்’ என்பார்கள். அங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

நம் அரசியல் சட்டமும் ஒரு மூல நூல். அதற்கு உச்ச நீதிமன்றம் உரைகாரர். ஒரு வித்தியாசம் உண்டு. பரிமேலழகர் உரையை ஏற்காவிட்டால் தமிழாசிரியர் இரண்டு மதிப்பெண் குறைப்பார். அரசியல் சட்டத்தின் உரை ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு குடும்பத்தின் பிள்ளைக்குக் கல்லூரி இடம் போய்விடும், வேலை போய்விடும். ஆகவே இந்த உரைகளை வழக்கறிஞர்கள் மட்டும் படித்தால் போதாது. நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் ஷாதிபூரில் இருக்கிற நமக்கு இந்த உரை எங்கே வந்து இடிக்கிறது என்று பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறவன். அந்த அளவில்தான் இக்கட்டுரை.

இங்கே நான் எடுத்துக்கொண்டது மூன்றே சொற்கள். அரசியல் சட்டத்தின் 341-ஆம் பிரிவில், குடியரசுத் தலைவர் ஒரு சாதியைப் பட்டியலில் சேர்த்து அறிவித்தால், அது ‘அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை’ பட்டியல் சாதியாகக் கருதப்படும் என்று வருகிறது. பழங்குடியினருக்கான 342-ஆம் பிரிவிலும் இதே சொற்கள் உண்டு. ஊரை விட்டு வந்த ஆதிதிராவிடக் குடும்பங்களின் வாழ்வு இந்த மூன்று சொற்களில் தொங்குகிறது.

மூலப் பொருள் வாதம்

ஒரு சட்டம் எழுதப்பட்ட நாளில் அதன் சொற்களுக்கு என்ன பொருளோ, இன்றைக்கும் அதுவே பொருள். நீதிபதி தம் விருப்பத்தை அதில் கலக்கக் கூடாது. இதை மூலப் பொருள் வாதம் எனலாம். அமெரிக்காவில் இது பெரிய கட்சியாகவே வளர்ந்திருக்கிறது. 1986 முதல் 2016-இல் இறக்கும் வரை அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா இதன் முதன்மைக் குரல். இதிலும் இரு கிளை உண்டு. சட்டத்தை ஆக்கியவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்று தேடுவது ஒன்று. அன்றைய பொதுமக்கள் அச்சொல்லை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று தேடுவது மற்றொன்று.

இந்த வாதத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. நீதிபதி மாறும்போதெல்லாம் சட்டம் மாறக் கூடாது என்பது நியாயமான கவலை. ஆனால் இதன் வரலாறு அத்தனை தூய்மையானதன்று. 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று தலைமை நீதிபதி டேனி தீர்ப்பெழுதியபோது, சட்டம் ஆக்கப்பட்ட காலத்து எண்ணம் அதுதான் என்றே சொன்னார். 1954-இல் பள்ளிகளில் இனப் பாகுபாட்டை நீக்கிய பிரௌன் வழக்கிலோ, பழைய வரலாறு தெளிவான விடை தரவில்லை என்று சொல்லிவிட்டு நீதிமன்றம் நேராக நியாயத்துக்கு வந்தது. வரலாறு கத்தி மாதிரி. காய் நறுக்கவும் ஆகும், கையை அறுக்கவும் ஆகும்.

நம் நாட்டில் நிலைமை என்ன? 1950-இல், சட்டம் நடைமுறைக்கு வந்த நான்காம் மாதமே, சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்த ஏ.கே. கோபாலன் வழக்கு வந்தது. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர்கள் பேசிய பேச்சுகளைக் கொண்டு பொருள் கொள்ளலாகாது என்று அன்றைய நீதிபதிகள் எச்சரிக்கையாகவே இருந்தார்கள். ஆனால் 21-ஆம் பிரிவில் ‘நியாயமான நடைமுறை’ என்ற அமெரிக்கத் தொடரை வேண்டுமென்றே நீக்கிவிட்டு ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்று போட்ட வரலாற்றைப் பார்த்தார்கள். அந்த மாற்றத்துக்குப் பின்னால் பெனகல் நரசிங் ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி பிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்த கதை இருக்கிறது. கோபாலன் தோற்றார். 1978-இல் மேனகா காந்தி வழக்கில், அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆக்கியவர்கள் வாசல் வழியே வெளியே அனுப்பியதை, 28 ஆண்டு கழித்து உரைகாரர்கள் ஜன்னல் வழியே உள்ளே அழைத்தார்கள். நல்லதுக்குத்தான். ஆனால் அது மூலப் பொருள் அன்று.

1993-இல் நீதிபதிகள் நியமன வழக்கு. தலைமை நீதிபதியைக் ‘கலந்து ஆலோசித்து’ என்பது மூலம். அவர் இசைவு கட்டாயம் என்று ஆக்கினால் அது ஆபத்து என்று 1949 மே 24-இல் அம்பேத்கர் சபையில் விளக்கமாகப் பேசியிருக்கிறார். அந்தப் பேச்சு கண்முன் இருந்தும் பெரும்பான்மை நீதிபதிகள் முதன்மையைத் தலைமை நீதிபதி பக்கமே வைத்தார்கள். சரியா தவறா என்பது வேறு விஷயம். அம்பேத்கர் சொன்னார் என்பது நம் நீதிமன்றத்துக்கு எப்போதும் கடைசி வார்த்தையாக இருந்ததில்லை என்பதை மட்டும் வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

மூன்று சொற்களின் பிறப்பு

‘பட்டியல் சாதிகள்’ என்ற பெயர் 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் வருகிறது. 1936-இல் அதற்கான ஆணை வெளியானது. அதில் சாதிகளின் பெயர்கள் மாகாண வாரியாகத் தரப்பட்டன. ஏன் மாகாண வாரியாக? 1932 பூனா ஒப்பந்தத்தின்படி மாகாணச் சட்டமன்றங்களில் தனித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. எந்த மாகாணத் தேர்தலில் யார் அந்தத் தொகுதிக்கு உரியவர் என்று தெரிய வேண்டும். எனவே பட்டியல் மாகாணத்தோடு கட்டப்பட்டது. பட்டியல் பிறந்தது வாக்குச்சீட்டுக்காக. கல்லூரி இடத்துக்கும் உத்தியோகத்துக்கும் அது பெருமளவில் பயன்பட்டது பிற்பாடு.

தீண்டாமையின் உருவம் இடத்துக்கு இடம் மாறும் என்பதும் உண்மை. நம் தமிழ்நாட்டையே பாருங்கள். வண்ணார் சமூகம் குமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டாரத்திலும் பட்டியல் சாதி. மற்ற மாவட்டங்களில் அப்படி இல்லை. பழைய திருவிதாங்கூர் எல்லை இன்றைக்கும் சாதிச் சான்றிதழில் கோடு போட்டுக்கொண்டு நிற்கிறது. இப்படிப்பட்ட வட்டாரக் கட்டுப்பாடுகள் பலவற்றை 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நீக்கியது. மாநிலத்துக்குள் இருந்த வேலிகள் பெரும்பாலும் போயின. மாநிலங்களுக்கு இடையே உள்ள வேலி மட்டும் நின்றது.

1949 செப்டம்பர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இன்றைய 341, 342-ஆம் பிரிவுகளை 300-அ, 300-ஆ என்ற எண்களில் முன்மொழிந்தார். நீண்ட பட்டியல்களைச் சட்டத்துக்குள்ளேயே ஏற்றிச் சுமை ஆக்க வேண்டாம், குடியரசுத் தலைவர் ஒருமுறை அறிவிக்கட்டும், பின்னர் கூட்டவோ குறைக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியட்டும், அரசியல் காரணங்களுக்காகப் பட்டியல் கலைக்கப்படக் கூடாது என்பதே அவர் தந்த விளக்கத்தின் சாரம். அன்று அதை ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் நம் தமிழர், நீலகிரியைச் சேர்ந்த வி.ஐ. முனுசாமிப் பிள்ளை. 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் இருந்தவர். இந்தப் பெயர் எப்படி வந்தது என்று சபைக்கு வரலாறு சொன்ன அவர், அதன் வேர் தீண்டாமைதான் என்று நினைவூட்டினார்.

இந்த இரண்டு பேச்சுகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும். பட்டியலை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்பதுதான் அன்றைய கவலை. ஊர் விட்டு ஊர் போனவன் கதி என்ன என்பது அன்றைய விவாதத்தின் மையமே அன்று.

அந்தமான் எங்கே இருந்தது?

நம் தீவுவாசிகள் பலரும் கவனிக்காத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த மூலத்தில் மாநிலங்கள் அ, ஆ, இ என்று மூன்று பகுதிகள். அந்தமான் நிகோபார் தீவுகள் அந்த மூன்றிலும் இல்லை. ‘ஈ’ பகுதியில் தனியாக நின்றன. அப்பகுதியில் வேறு எவரும் இல்லை. நாம் மாநிலமே அல்லோம், ஒரு ‘நிலப்பகுதி’.

341-ஆம் பிரிவின் 1950 வாசகமோ, ஒரு மாநிலத்தின் ஆளுநரையோ ராஜப்பிரமுகரையோ கலந்து ஆலோசித்துக் குடியரசுத் தலைவர் பட்டியல் வெளியிடலாம் என்று சொல்லியது. அ, ஆ பகுதி மாநிலங்களுக்குத்தான் ஆளுநரும் ராஜப்பிரமுகரும் உண்டு. 1951-இல் முதல் திருத்தம் அந்த வாசகத்தைச் சீர்செய்து ‘எந்த மாநிலத்தையும் பொறுத்து’ என்று விரித்தது. அப்போதும் நாம் வெளியேதான். 1956-இல் ஏழாம் திருத்தம் வந்து, நாம் ஒன்றியப் பிரதேசம் ஆனபோதுதான் ‘அல்லது ஒன்றியப் பிரதேசம்’ என்ற சொற்கள் அங்கே நுழைந்தன. அதற்குப் பிறகு, 1959-இல், இத்தீவுகளுக்கான பழங்குடியினர் ஆணை வெளியாயிற்று. அந்தமானியர், ஜாரவா, நிகோபாரியர், ஓங்கே, சென்டினலியர், ஷோம்பென் என்று ஆறு சமூகங்கள். பட்டியல் சாதிகளுக்கு இத்தீவுகளில் அப்போதும் ஆணை இல்லை, இன்றும் இல்லை.

ஆக, மூலப் பொருள் வாதியே நம் பக்கம் வந்து உட்கார்ந்து நேர்மையாகப் படித்தால் என்ன சொல்ல வேண்டும்? ‘அந்தமானில் பட்டியல் சாதியே வேண்டாம் என்று ஆக்கியோர் முடிவு செய்யவில்லை. அவர்கள் எழுதிய வாசகத்தில் அந்தமானுக்கு இடமே இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் எடுக்காத முடிவு ஒன்று, எடுத்த முடிவுபோல் நம் தலையில் உட்கார்ந்திருக்கிறது. 1858-இல் தொடங்கிய கைதிகள் குடியிருப்பில் சாதி தளர்ந்துவிட்டது, கைதிகள் வழிவந்த உள்ளூர்ச் சமூகத்தில் அது கரைந்துவிட்டது என்று சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அது அவர்கள் கதை. சுதந்திரத்துக்குப் பின் கப்பலேறி வந்த நம்மவர் சாதியை ஹேடோ துறையில் இறக்கி வைத்துவிட்டா ஊருக்குள் வந்தார்கள்? பெண் கேட்கும்போதும் வீடு வாடகைக்குக் கேட்கும்போதும் அது கூடவே வருகிறதே.

2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. அவர்களில் எத்தனை பேர் தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள சமூகத்தினர் என்பதற்கு இங்கே கணக்கில்லை. பட்டியலே இல்லாத இடத்தில் தலை எண்ணுவது எப்படி?

1990 தீர்ப்பு என்னும் உரை

மூன்று சொற்களுக்கு அதிகாரபூர்வமான உரை 1990-இல் எழுதப்பட்டது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு. ஆந்திரத்தில் பழங்குடியாக அறிவிக்கப்பட்ட சமூகத்துப் பையன். தந்தைக்கு அந்த ஒதுக்கீட்டில் பொதுத்துறை உர நிறுவனத்தில் வேலை கிடைத்து, குடும்பம் பம்பாய்க்குப் போயிற்று. ஒன்பது வயதில் போனவன், அங்கேயே படித்து, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தான். இங்கே நீ பழங்குடி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தந்தைக்கு வேலை கொடுத்து ஊர் மாற்றியதும் அரசு நிறுவனம்தான், மகனுக்கு இல்லை என்றதும் அரசுதான்.

ஐந்து நீதிபதிகள் அமர்வு அவனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் செல்லும் என்று படித்தால் ‘அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை’ என்ற சொற்களுக்கு வேலையே இல்லாமல் போய்விடும், சட்டத்தில் ஒரு சொல்லும் வீண் ஆகாது என்பது முதல் காரணம். இது வலுவான காரணம்தான். நச்சினார்க்கினியரும் இப்படித்தான் வாதாடியிருப்பார். ஒவ்வொரு மாநிலத்திலும் பின்தங்கிய நிலைக்கான காரணம் வேறு, ஆகவே பட்டியலும் வேறு என்பது இரண்டாவது. மூன்றாவதாக, சட்டம் ஆக்கியவரின் கருத்து என்று அம்பேத்கர் சபையில் தந்த ஒரு பதிலை எடுத்துக்காட்டியது.

என் விமர்சனம் இந்த மூன்றாவது காரணத்தின் மேல்தான். அந்தப் பதில் எதைப் பற்றியது? பழங்குடிப் பகுதியில் வாழும் ஒருவர் அதை விட்டு வெளியே குடியேறினால், அந்தப் பகுதியில் அவருக்குள்ள சலுகைகளைக் கையோடு கொண்டு போகலாமா என்று ஜெய்பால் சிங் கேட்டார். அம்பேத்கர், இது விடை சொல்லக் கடினமான கேள்வி என்றார். உரிய இடத்தில் எழுப்பினால் இதற்கென ஒரு விதியையே சேர்க்கலாம் என்றார். இப்போது உள்ள வாசகப்படி அப்படிக் கொண்டு போக முடியாது என்றும் சொன்னார். மூன்றும் சேர்ந்ததே அவர் பதில்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அது நிலத்தோடு கட்டிய சலுகை. ஒரு மலைப்பகுதிக்குத் தனி ஆட்சி முறை இருந்தால், அந்த ஆட்சி முறையைப் பெட்டியில் வைத்துப் பம்பாய்க்குக் கொண்டுபோக முடியாது. யாருக்கும் புரிகிற விஷயம். ஆனால் சாதிப் பட்டியல் மனிதனோடு கட்டியது. தீண்டாமை மலையில் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை, ஆளோடு நடந்து வருகிறது. முன்னதற்குச் சொன்ன பதிலைப் பின்னதற்குப் பொருத்துவது பாலைத்திணைப் பாட்டுக்கு மருதத்திணை உரை எழுதுவது போல. அந்தப் பையன் வழக்கு பழங்குடி வழக்கு, அதனால் ஒருவாறு பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும், 1994-இல் மராட்டிய மாநிலச் சான்றிதழ் வழக்கில் அதே உரை பட்டியல் சாதியினருக்கும் அப்படியே பொருத்தப்பட்டது.

மற்றொன்று, அம்பேத்கர் கதவைத் திறந்து வைத்தார். ‘கடினமான கேள்வி’ என்றவரைத் ‘தெளிவான விடை தந்தவர்’ ஆக்கியது நியாயமான உரை அன்று. அதே நீதிமன்றம் மூன்றே ஆண்டு கழித்து, நீதிபதிகள் நியமனத்தில் அவர் தெளிவாகச் சொன்னதைக் கடந்து போயிற்று. தயங்கிச் சொன்னது கட்டுப்படுத்தும், தெளிவாகச் சொன்னது கட்டுப்படுத்தாது என்றால், ‘மூலக் கருத்து’ என்பது முடிவுக்கு முன் வருகிறதா, முடிவுக்குப் பின் வருகிறதா?

தீர்ப்பு ஒன்றை நன்றாகச் சொன்னது, அதையும் மறைக்கக் கூடாது. வேலை நிமித்தம் புலம்பெயர்ந்தவர்களின் இக்கட்டு உண்மையானது, சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் இதைக் கருத்தில் கொள்ளலாம் என்று சொல்லியது. அன்றிலிருந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கருதியவர் யாரையும் காணோம்.

1950-இல் உறைந்த குடியிருப்பு

1950 ஆணையில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. குறித்த வட்டாரத்தில் ‘குடியிருக்கும்’ உறுப்பினர்கள் என்பது அது. சாதாரணமாகப் படித்தால் இன்றைக்குக் குடியிருப்பவர் என்று தோன்றும். ஆனால் உள்துறை அமைச்சகச் சுற்றறிக்கைகள், ஆணை வெளியான நாளில் நிரந்தரமாகக் குடியிருந்தவர், அதற்குப் பிறகு பிறந்தவரானால் தந்தை அந்நாளில் குடியிருந்த இடம் என்று பொருள் கொண்டன. புலம்பெயர்ந்தவர் தம் சொந்த மாநிலத்தின் பட்டியல் சாதியாகவே கருதப்படுவார், சலுகையும் அங்கேதான் என்று 1985 சுற்றறிக்கை முடித்தது.

இதைவிடக் கண்டிப்பான மூலப் பொருள் வாதம் வேறு இல்லை. சொல்லின் பொருள் மட்டுமல்ல, மனிதனின் முகவரியே 1950-இல் உறைந்து போயிற்று. கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். 1950-இல் அவர்கள் எங்கே இருந்தார்கள்? மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில். சொல்லை இறுகப் பிடித்தால் அந்த லயம் எந்த மாநிலத்துப் பட்டியலிலும் உள்ள வட்டாரம் இல்லை. அதிகாரி ஒருவர் இரக்கப்பட்டு வழி செய்யலாம். ஆனால் இரக்கம் உரிமை ஆகாதே.

நம் வீடுகளில் இது எப்படி வருகிறது? “அண்ணே, அப்பா சர்ட்டிபிகேட் ஊர்ல வாங்கினது இருக்கு, இங்க செல்லுமா?” என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் பதில் சொல்லிச் சலித்துவிட்டேன். ஓர் அலுவலகத்தில் அந்தச் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மேசையில் தள்ளியதை நேரில் கண்டிருக்கிறேன். ‘சொந்த மாநிலத்தில் போய்க் கேள்’ என்பார்கள். அங்கே போனால் ‘நீ இங்கே படிக்கவில்லையே, இருப்பிடச் சான்று கொண்டு வா’ என்பார்கள். பட்டியலில் இருக்கிறான், ஆனால் இருக்கும் இடத்தில் இல்லை.

மறுபக்கம்

ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது விமர்சனம் ஆகாது. மாநிலத்தோடு கட்டிய பட்டியலுக்கு நல்ல காரணமும் உண்டு. வசதியும் கல்வியும் சற்றே கூடிய ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியினர், பின்தங்கிய வேறொரு மாநிலத்துக்குப் போய் அங்குள்ள ஏழைகளின் இடங்களை எடுத்துக்கொள்ளக் கூடும். அங்கே தீண்டாமைக்கே ஆளாகாத ஒரு பெயர், இங்கே பட்டியலில் இருப்பதால் பயன்பெறக் கூடும். சிறிய இடத்தில் இந்தக் கவலை பெரியது. இத்தீவுகளின் மூத்த குடிகள் ஆறு சமூகத்தினர். அவர்களுக்கு உரியதில் ஒரு பிடி குறைந்தாலும் நான் அதை ஏற்கமாட்டேன். அவர்கள் பட்டியல் தனி, அவர்கள் ஒதுக்கீடு தனி என்பதால் அது குறைய வேண்டிய அவசியமும் இல்லை.

2018-இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் 1990 உரையை உறுதி செய்தார்கள். ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியினர் வேறு மாநில வேலையில் அந்த உரிமையைக் கேட்க முடியாது. ஆனால் டெல்லி நிர்வாகத்தின் வேலைகள் மத்திய அரசுப் பணிகளின் தன்மை கொண்டவை, எனவே அங்கே அகில இந்திய அளவில் ஒதுக்கீடு செல்லும் என்று பெரும்பான்மையோர் கூறினர். அந்த அமர்வில் இருந்த தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ஆர். பானுமதி, டெல்லியைப் பற்றிய இந்தப் பகுதியில் மாறுபட்டு, ஒன்றியப் பிரதேசத்துக்கும் அதன் சொந்தப் பட்டியலே அளவு என்றார். சொல்லுக்கு நெருக்கமாக நிற்பது அவர் உரை, வாழ்வுக்கு நெருக்கமாக நிற்பது பெரும்பான்மை உரை என்று எனக்குப் படுகிறது. ஒரு ஒன்றியப் பிரதேசத்துக்குப் பொருந்திய அந்த நியாயத்தைச் சொந்தப் பட்டியலே இல்லாத நம் பிரதேசத்துக்கும் ஏன் எண்ணிப் பார்க்கக் கூடாது?

வரலாற்றை ஒழுங்காகப் படித்தால்

வரலாறே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழுசாகப் படியுங்கள் என்கிறேன். 2023-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு ஒரு கேள்வியைச் சந்தித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு ஒருவருக்குச் சொந்த மாநிலத்தில் மட்டும்தானா? இல்லை, குற்றம் எங்கே நடந்தாலும் அவர் அங்கே பட்டியலில் இல்லாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு என்று அமர்வு விடை சொன்னது. ஒதுக்கீட்டுக்கு ஒரு நோக்கம், பாதுகாப்புக்கு ஒரு நோக்கம். முனுசாமிப் பிள்ளை 1949-இல் சொன்ன வேரை, தீண்டாமையை, இந்தத் தீர்ப்பு மறக்கவில்லை.

இன்னொன்றும் பாருங்கள். பட்டியல் சாதிகள் எல்லாம் ஒரே திரள், அதற்குள் உட்பிரிவு கூடாது என்று 2004-இல் சின்னையா வழக்கில் சொன்னார்கள். 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள், ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில், உட்பிரிவு கூடும் என்றார்கள். தமிழ்நாட்டில் 2009-இல் அருந்ததியருக்குத் தந்த 3 விழுக்காடும் அதில் நிலைபெற்றது. இரு தீர்ப்புகளுக்கும் மூலம் ஒன்றே, அரசியல் நிர்ணய சபையின் வரலாறும் ஒன்றே. இருபது ஆண்டில் மாறியது உரை. ஆகவே 1990 உரையும் கல்லில் செதுக்கியது என்று எண்ண வேண்டியதில்லை.

ஓர் உரையை எடை போட நான் மூன்று கேள்வி கேட்பேன். எடுத்துக்காட்டிய பழைய பேச்சு இதே கேள்விக்குச் சொன்ன பதிலா? முழுப் பதிலும் காட்டப்பட்டதா? அதே உரைகாரர் தமக்குப் பிடிக்காத பழைய பேச்சுக்கும் இதே மரியாதை தருகிறாரா? 1990 தீர்ப்பு மூன்றிலும் தடுமாறுகிறது. சொல்லை வைத்து அது எடுத்த முடிவை ஒருவர் ஏற்கலாம். அதை ஆக்கியோர் கருத்து என்று அழைப்பதை மட்டும் ஏற்க முடியாது.

நம் நிலையில் செய்யக் கூடியது என்ன? தந்தை வழிச் சான்றிதழை ஊரில் முறையாக வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அகில இந்திய அளவில் ஆள் எடுக்கும் மத்திய அரசு வேலைகளுக்கு அது செல்லும், இதைத் தெரியாமல் பொதுப் பிரிவில் விண்ணப்பித்து இடம் இழக்கும் பிள்ளைகள் உண்டு. சாதிப் பெயர் சொல்லி அவமதித்தால் சட்டப் பாதுகாப்பைக் கோரத் தயங்காதீர்கள். இதற்கு மேல் செய்ய வேண்டியது தனி ஒருவரால் ஆகாது, சங்கங்கள் சேர்ந்துதான் கேட்க வேண்டும். 1956-இல் நுழைந்த ‘அல்லது ஒன்றியப் பிரதேசம்’ என்ற சொற்கள் நமக்காக இன்னும் பயன்படுத்தப்படவே இல்லை. பல பத்தாண்டுகளாக இத்தீவுகளில் வேரூன்றிய பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு, மூத்த குடிகளின் உரிமையில் கை வைக்காமல், ஒரு வழி காண வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர் மூலம் கேட்கலாம். நீதிமன்றத்தின் தயவில் புது உரை தேடுவதைவிட இதுவே நேர்வழி. குடியரசுத் தலைவரிடமும் நாடாளுமன்றத்திடமும்தான் மூலம் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறது. அம்பேத்கர் அன்று சொன்ன ‘ஒரு விதியைச் சேர்க்கலாம்’ என்பதற்கும் பொருள் அதுதானே?